கடைசித் தவணை

ஒரு நாடகத்தை முதன்முதலாகக் குரல்விட்டுப் படித்தது பதினோராம் வகுப்பில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ஆங்கிலப் பீரியடில். 2018-ல் புதிய பாடத்திட்டம் வந்த வருஷம். புத்தகம் பளபளவென்று இருந்தது. துணைப்பாடத்தில் செட்ரிக் மவுண்ட் எழுதிய ‘தி நெவர் நெவர் நெஸ்ட்’ என்ற ஓரங்க நாடகம். சார் வழக்கமாகத் தானே வாசித்து, தானே விளக்கி, முக்கியமான வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போடச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. “ஆளுக்கு ஒரு பார்ட் எடுத்துப் படிங்கடா” என்றார். அவ்வளவுதான் எங்களுடைய மொத்த நாடகப் பயிற்சி. ஒருவருடைய ஜலதோஷத்தின் தயவில் நடந்தது.

ஜாக்காகப் படித்தவன் புடவைக் கடைக்காரர் மகன். ஜில்லாகப் படித்தவன் கடைசி வரி வரைக்கும் வெட்கப்பட்டுக்கொண்டே படித்தான். எனக்குக் குரல் உடைந்தும் உடையாமலும் இருந்ததால் ஜேன் அத்தை பாத்திரம் வந்தது.

கதை சின்னது. புதிதாகக் கல்யாணமான ஜாக், ஜில் வீட்டுக்கு அத்தை வருகிறாள். அழகான வீடு, நல்ல நாற்காலிகள், ரேடியோ, வாசலில் கார். சின்னச் சம்பளக்காரனுக்கு இதெல்லாம் எப்படி வந்தது என்று அத்தைக்கு ஆச்சரியம். விசாரிக்க விசாரிக்க உண்மை வெளியே வருகிறது. எல்லாமே தவணை. அத்தை உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் ஒரு கால்தான் அவர்களுக்குச் சொந்தம். காரில் ஸ்டியரிங்கும் ஒரு டயரும் இன்னும் கொஞ்சமும்தான் சொந்தம். ஜாக்கின் வாரச் சம்பளம் ஆறு பவுண்டு. வாரத்துக்குக் கட்டவேண்டிய தவணை ஏழு பவுண்டுக்கு மேல். மிச்சத்துக்கு என்ன பண்ணுகிறீர்கள் என்றால், அதற்கும் ஒரு இடத்தில் கடன். அத்தை அரண்டு போய்க் கிளம்புகிறாள். போகும்போது பத்து பவுண்டுக்குக் காசோலை எழுதிக் கொடுத்து, இதை வைத்து ஒரு பொருளையாவது முழுசாகச் சொந்தமாக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ஜாக் அதைக் காருக்குக் கட்டலாம் என்று நினைக்கிறான். ஜில் அதற்குள் டாக்டருக்கு அனுப்பிவிட்டாள். இன்னும் ஒரு தவணை கட்டிவிட்டால் குழந்தை முழுசாக நம்முடையதாகிவிடும் என்கிறாள். திரை.

வகுப்பு சிரித்தது. சாரும் கட்டின தொண்டையோடு சிரித்தார். எங்கள் பக்கத்துப் பையன்கள் ஐந்தாறு பேர், பிள்ளையார்பாளையத்திலிருந்து போனவர்கள், சிரிக்கவில்லை. பேசி வைத்துக்கொண்டதெல்லாம் இல்லை. சிரிப்பு வரவில்லை, அவ்வளவுதான். “ஜோக் புரியலையாடா?” என்று கேட்டு சார் தமிழில் இன்னொரு முறை விளக்கினார். புரிந்துவிட்டது சார் என்றோம்.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பு வராததைப் பற்றியது. பள்ளிக்கூடத்தில் நாடகம், இலக்கியம் என்று நான் கற்றுக்கொண்டதில் இன்றைக்கும் கையில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

*

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் கதையைச் சொன்னேன். அப்பா தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா, கரைக்கு நாடாவைத் தள்ளிக்கொண்டு. கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். அதற்கு மூன்று நாடா வேண்டும். ஒரே ஆளால் ஆகாது. நெய்கிறவர் ஒருவர், ஓரத்தில் உட்கார்ந்து உதவுகிறவர் ஒருவர். புடவையில் நெய்தவர் பெயரே இருக்காது எனும்போது, ஓரத்தில் உட்கார்ந்தவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நாற்காலிக் கால் கட்டம் வந்ததும் அப்பா சிரித்தார். “நம்ம வீடு மாதிரிதான்டா. பாவு அவருது, ஊடை அவருது, ஜரிகை அவருது, டிசைன் அட்டை அவருது. தறியில பாதிக்கு அட்வான்ஸ் நிக்குது. குழி மட்டும் நம்முளுது” என்றார். அம்மாவும் சிரித்தாள். தவணை ஏழு பவுண்டு கணக்குக்கு இன்னும் சிரித்தார்கள். கடைசியில் குழந்தை வந்தது. தறிச் சத்தம் நிற்கவில்லை, சிரிப்பு மட்டும் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா கேட்டார்:

“அப்பறம்? அந்தக் கடைசித் தவணைய கட்டுனாங்களா இல்லியா?”

“அதோட நாடகம் முடிஞ்சிடுச்சிப்பா.”

“அது எப்படி முடியும்?”

நாடக விமர்சனமாக அதைவிடக் கூர்மையான ஒரு கேள்வியை நான் பிறகு எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அப்பா நாலாவது வரைக்கும் படித்தவர். பெரிய அத்தை கல்யாணத்துக்குத் தாத்தா ஒரு தறி வீட்டில் ஐநூறு ரூபாய் முன்பணம் வாங்கினார். அதற்கு ஈடாக அப்பா போய் அந்த வீட்டுத் தறியின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒன்பது வயசு. கூலியில் பாதி கடனில் கழியும், பாதி கைக்கு வரும் என்பது பேச்சு. நடுவில் பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போய் இன்னொரு முந்நூறு. பிறகு ஒரு தீபாவளி. இப்படியே கழிந்தும் கழியாமலும் அவர் வளர்ந்து, மீசை முளைத்து, நெய்கிற இடத்துக்கு மாறி உட்கார்ந்தார். அப்பாவின் அப்பாவுக்குக் கடன் அடைந்து பிள்ளை முழுசாகச் சொந்தமானபோது பிள்ளைக்குப் பத்தொன்பது வயசு.

இது எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றும் இல்லை. காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் முன்பணத்துக்கு ஈடாகக் குழந்தைகள் உட்கார்ந்த கதை ஊரறிந்தது. 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் எங்கள் ஊரும் இருக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைக் குழந்தைகளுக்கு ஆகாத வேலைகளின் பட்டியலில் வைத்தது. ஆனால் குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் பட்டறைக்கு விலக்கும் கொடுத்தது. தறி இருப்பது வீட்டுக்குள். அதிகாரி வந்து கேட்டால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற பையன் அந்த வீட்டுப் பிள்ளை ஆகிவிடுவான். போனதும் மறுபடி அடுத்த வீட்டுப் பிள்ளை.

*

இனி நாடகத்துக்கு வருவோம். நம் தெருவை எடுத்துக்கொண்டு போய் ஒரு பிரிட்டிஷ் கேலி நாடகத்தின் மேல் போர்த்துவது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டேன். ஜாக்கும் ஜில்லும் காருக்கும் ரேடியோவுக்கும் கடன் வாங்கியவர்கள். ஆசைக்கு வாங்கியதும் அவசரத்துக்கு வாங்கியதும் ஒன்றா?

ஒன்றில்லை. ஆனால் வித்தியாசம் ஆசையிலும் அவசரத்திலும் இல்லை, ஈடு எதன் மேல் விழுகிறது என்பதில் இருக்கிறது. தவணை முறையில் ஈடு பொருளின் மேல். கட்டவில்லை என்றால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவான், காரை ஓட்டிக்கொண்டு போவான். ஜாக் அதே வேலையில் இருக்கலாம், வேறு வேலைக்கும் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். முன்பணத்தில் ஈடு ஆளின் மேல். அதை வாங்கிய நெசவாளி அதை அடைக்காமல் வேறு முதலாளிக்கு நெய்யப் போக முடியாது. ஜாக் நாளைய சம்பளத்தைக் கொடுத்து இன்றைக்குப் பொருள் வாங்குகிறான். தாத்தா நாளைய உழைப்பையே விற்றார். அதுவும் வேறொருவருடைய உழைப்பை.

செட்ரிக் மவுண்டின் நாடகம் கடைசி வரி வரைக்கும் முதல் வகைக் கடனுக்குள்ளேயே நடக்கிறது. வீடு, நாற்காலி, ரேடியோ, கார். எல்லாம் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருள்கள். கடைசி வரியில், ஒரே ஒரு விநாடி, அது இரண்டாவது வகைக்குள் தாவுகிறது. பொருள் இருக்கவேண்டிய இடத்தில் ஆள். அந்தத் தாவல்தான் சிரிப்பு. நடக்கவே நடக்காத ஒன்று என்பதால் லண்டன்காரனுக்குச் சிரிப்பு வருகிறது. நடந்திருக்கிறது என்பதால் எங்களுக்கு வரவில்லை. நாடகம் கெட்டிக்கார நாடகம்தான். தான் எவ்வளவு ஆழமான கிணற்றின் மேல் தாண்டுகிறது என்பது அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அந்த நாடகத்தில் கடன் கொடுத்தவன் ஒருவன்கூட மேடைக்கு வருவதில்லை. கம்பெனிப் பெயர்கள் மட்டும் வசனத்தில் வந்து போகின்றன. கதவைத் தட்ட ஆள் இல்லாததால் கடன் காற்று மாதிரி லேசாக இருக்கிறது. மேடையில் கடன்பட்டவர்கள் இருவர், உபதேசம் பண்ணும் அத்தை ஒருத்தி. நாம் சிரிக்கவேண்டியது யாரைப் பார்த்து என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. அத்தையின் பாத்திரத்தைப் படித்த எனக்கு இது நன்றாகவே தெரிந்தது. எல்லா வரியிலும் நான்தான் சரி.

கடன் கொடுத்தவன் மேடைக்கு வந்தால் என்ன ஆகும்? அதற்கு நான் அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை.

*

அம்மா ஊர் செய்யாறு போகிற வழியில். கோடை லீவில் அங்கே கூத்து பார்ப்போம். பங்குனியில் ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் எங்காவது ஒரு ஊரில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் மத்தளம் தட்டினால் விடியும்வரை. பாரதக் கதை தவிர அரிச்சந்திரனும் ஆடுவார்கள். மயான காண்டத்தை நான் பாட்டி மடியில் பாதி தூக்கத்தில் பார்த்தது மூன்று தடவையாவது இருக்கும்.

அரிச்சந்திரன் கதை என்றால் உண்மை பேசுவது என்று பள்ளிக்கூடம் சொல்லும். காந்தி சின்ன வயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்துத் திரும்பத் திரும்ப அதையே நினைத்துக்கொண்டிருந்தார், எல்லாரும் ஏன் அரிச்சந்திரன் மாதிரி உண்மையாக இருக்கக்கூடாது என்று ஏங்கினார் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்த கதை. சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் பாட்டி அதை உண்மை பேசுகிற கதை என்று ஒருநாளும் சொன்னதில்லை. “கடங்காரன் துரத்தற கூத்து” என்றுதான் சொல்வாள். பாட்டி சொன்னதுதான் கதைக்கு நெருக்கமானது என்று இப்போது தோன்றுகிறது.

யோசித்துப் பாருங்கள். நாட்டை விசுவாமித்திரரிடம் கொடுத்த பிறகும் அரிச்சந்திரனுக்குக் கடன் பாக்கி நிற்கிறது. அதை வசூலிக்கக் கூடவே ஓர் ஆள் வருகிறான், நட்சத்திரேயன். காசி வரைக்கும் விடாமல் வருகிறான். நடக்க முடியவில்லை என்பான், தூக்கு என்பான், பசிக்கிறது என்பான். கடனுக்காக அரிச்சந்திரன் சந்திரமதியையும் பிள்ளை லோகிதாசனையும் காலகண்டையருக்கு விற்கிறான். அதோடு கடன் தீர்ந்தது. தீர்ந்ததும் நட்சத்திரேயன் கையை நீட்டுகிறான். இத்தனை நாள் உன் பின்னால் அலைந்தேனே, என் தரகு? அந்தத் தரகைக் கொடுக்கத்தான் அரிச்சந்திரன் தன்னை வீரபாகுவிடம் விற்றுக்கொண்டு சுடுகாடு காக்கப் போகிறான். அசலுக்குப் பெண்டாட்டி பிள்ளை, தரகுக்குத் தான். எங்கள் தெருவில் யாருக்கும் இந்தக் கணக்கை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

கூத்தில் நட்சத்திரேயன்தான் சிரிப்பு மூட்டுகிறவன். ஊரே அவனைப் பார்த்துச் சிரிக்கும். சிரித்துக்கொண்டே திட்டும். என் பாட்டி ஒரு தடவை வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு, “போடா, உன் தரகுல மண்ணு விழ” என்று நிஜமாகவே சத்தம் போட்டாள். அந்த நடிகர் அதைக் காதில் வாங்கி, பாட்டி பக்கம் திரும்பி, உனக்கும் ஏதாவது பாக்கி இருக்குதா பெரீம்மா என்று கேட்டார். கூட்டம் அதிர்ந்தது. பாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பாட்டிக்கு நிஜமாகவே பாக்கி இருந்தது.

இரண்டு நாடகங்களுக்கும் நடுவே நான் பார்க்கிற வித்தியாசம் இதுதான். ஒன்றில் கடன்பட்டவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். இன்னொன்றில் கடன் வசூலிக்க வந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஒன்றில் குழந்தை தவணை ஆவது கடைசி வரி. இன்னொன்றில் அது பாதியிலேயே நடந்துவிடுகிறது, பிறகு என்ன ஆனது என்பதுதான் மிச்ச ராத்திரி முழுக்க. லோகிதாசன் தர்ப்பை பறிக்கப் போகிறான், பாம்பு கடிக்கிறது, அம்மா பிணத்தைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு வருகிறாள், அப்பன் சுடுகாட்டுக் கூலி கேட்கிறான். ‘அது எப்படி முடியும்?’ என்று அப்பா கேட்ட கேள்விக்கு மயான காண்டம் விடியும்வரை பதில் சொல்கிறது.

கடைசியில் சாமி வந்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் விடிந்த பிறகு வீட்டுக்குப் போகிற வழியில் பாட்டி அந்தக் கட்டத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. தரகைப் பற்றித்தான் பேசுவாள்.

*

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கொஞ்சம் வந்தது. எட்டு மெய்ப்பாடுகளையும் வரிசை மாறாமல் ஒப்பித்தோம். அதே இயலில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. மேடை எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். தூணின் நிழல் அவையில் விழாதபடி விளக்கு வைக்கவேண்டும். மூன்று வகைத் திரை. அளவெல்லாம் தலைகீழாகத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த மேடையின் அளவு மட்டும் தெரியாது, ஏனென்றால் அதன் மேல் பழைய பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாடகம் நம் படிப்பில் எப்படி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போகிற ஒவ்வொரு பிள்ளையும் தினமும் காலையில் நின்று பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்து, 1891-ல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் பாயிரத்திலிருந்து எடுத்தது. அதாவது தினமும் ஒரு நாடகத்தின் தொடக்கத்தைப் பாடிவிட்டு, நாடகத்தைப் பார்க்காமல் கலைந்து வகுப்புக்குப் போகிறோம். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் சமஸ்கிருதத்தில் எழுதிய ‘மத்தவிலாசம்’ எங்கள் ஊரிலேயே, காஞ்சித் தெருவிலேயே நடக்கிற நாடகம். குடித்துவிட்டு வருகிற ஒரு காபாலிகன் தன் மண்டை ஓட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு, அதை ஒரு பௌத்தத் துறவிதான் எடுத்துவிட்டார் என்று தெருவில் சண்டை பிடிக்கிறான். யாருக்குச் சொந்தம் என்று வழக்கு. எடுத்தது ஒரு நாய், கொண்டுவந்து சேர்ப்பது ஒரு பைத்தியக்காரன். ஓர் அரசன் தன் தலைநகரத்தையே இப்படிக் கேலி பண்ணியிருக்கிறான் என்றால் எவ்வளவு பெரிய விஷயம்! எங்களுக்கு அது ஒரு மதிப்பெண். ‘மத்தவிலாசப் பிரகசனம் எழுதியவர் யார்?’ அவ்வளவுதான்.

ஆனால் மெய்ப்பாட்டியல் எனக்கு ஒரு உபகாரம் செய்தது. எட்டு மெய்ப்பாட்டுக்கும் நான்கு நான்கு காரணங்கள் உண்டு. நகைக்கான காரணங்களில் ஒன்று எள்ளல், இன்னொன்று பேதைமை. அழுகைக்கான காரணங்களில் ஒன்று வறுமை. இதை ஒப்பித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, போன வருஷத்து ஆங்கில வகுப்பு ஞாபகம் வந்தது. ஜாக்கையும் ஜில்லையும் நாடகம் பேதைமையில் வைக்கிறது, ஆகவே சிரிப்பு. நட்சத்திரேயனைக் கூத்து எள்ளலில் வைக்கிறது, அதுவும் சிரிப்பு, ஆனால் திசை வேறு. தாத்தா வாங்கிய ஐநூறு ரூபாய் வறுமைக் கணக்கு. அது அழுகை. கடன் ஒன்றுதான். கடன்பட்டவனை நகையில் உட்கார வைப்பதா, அழுகையில் உட்கார வைப்பதா என்பதை எழுதுகிறவன் மட்டும் முடிவு செய்வதில்லை. பார்க்கிறவன் எந்த வீட்டிலிருந்து வந்திருக்கிறான் என்பதும் சேர்ந்து முடிவு செய்கிறது. அன்றைக்கு வகுப்பில் நடந்தது அதுதான். ஒரே வரி, இரண்டு மெய்ப்பாடு. இரண்டுமே சரியான வாசிப்பு.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. அதைக் காட்டியவரும் எங்கள் ஊர்க்காரர்தான். அண்ணா காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் 1909-ல் பிறந்தவர். அவருடைய ‘வேலைக்காரி’ நாடகம் 1949-ல் படமாக வந்தது. அதில் வேதாசல முதலியாரிடம் கடன்பட்டு, அந்த அவமானத்தில் தூக்குப் போட்டுக்கொள்கிறார் ஆனந்தனின் அப்பா. மகன் ஊர் திரும்பி அதைப் பார்க்கிறான். அரிச்சந்திரனாக இருந்தால் கடனை அடைக்கப் புறப்பட்டிருப்பான். ஆனந்தன் கடன் கொடுத்தவனை அடைக்கப் புறப்படுகிறான். கும்பிட்ட காளியிடமே போய் நீ யார் பக்கம் என்று கேட்கிறான். நகையும் அழுகையும் போக, இது வெகுளி.

மேடை நாடகமாக அதில் குறைகள் உண்டு. ஆள்மாறாட்டம், பேருரைகள், கடைசியில் எல்லாம் கூடிவருவது என்று இன்றைக்குப் படித்தால் பல இடங்கள் சத்தமாக இருக்கின்றன. ‘தி நெவர் நெவர் நெஸ்ட்’டின் நறுக்கு அதில் இல்லை, மயான காண்டத்தின் ஆழமும் இல்லை. ஆனால் அந்த இரண்டும் கேட்காத ஒன்றை அது கேட்கிறது. முதல் நாடகம் ஏன் கடன் வாங்கினாய் என்று கேட்கிறது. இரண்டாவது, எப்படிக் கடனை அடைத்தாய் என்று கேட்கிறது. ‘வேலைக்காரி’தான் எப்படி உனக்கு மட்டும் கொடுக்கிற அளவுக்குப் பணம் வந்தது என்று கேட்கிறது. தறி ஓரத்தில் உட்கார்ந்த யாருக்காவது அந்தக் கேள்வி தோன்றாமல் இருந்திருக்குமா?

*

எங்கள் பள்ளியிலிருந்து கொஞ்ச தூரத்தில், புஞ்சரசந்தாங்கலில், கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் நடத்தியது. 2002-ல் அங்கே ஒரு குருகுலம் தொடங்கி, பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினார்கள். நாங்கள் மேடை அளவை ஒப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் எங்கள் வயசுப் பிள்ளைகள் துரியோதனனாகத் திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அது அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் பன்னிரண்டாம் வகுப்பில் யார் விட்டிருப்பார்கள்?

ஆனாலும் பாடப்புத்தகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஓரங்க நாடகத்தை அதில் சேர்த்தவர் யாரோ, அவருக்கு நன்றிதான் சொல்லவேண்டும். சாரின் தொண்டைக்கும். அவர் எப்போதும்போலத் தானே படித்திருந்தால் அதுவும் கோடு போட்ட வரியாகப் போயிருக்கும். வாய்விட்டுப் படித்ததால்தான் அது எங்கள் வாயில் ஏறியது. அத்தை வேஷத்தில் கடன் வாங்குகிறவர்களைத் திட்டிவிட்டு, சாயங்காலம் கடனில் ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் போய் உட்காரவேண்டியிருந்தது. ஒரு பாத்திரத்தைப் பேசிப் பார்த்தால் அது உன்னை விடாது, நீ எந்தப் பக்கம் என்று வீடு வரைக்கும் வந்து கேட்கும். நட்சத்திரேயன் மாதிரி.

இப்போது சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளுக்கு வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுக்கிறேன். தறியில் உட்காரும் பிள்ளைகள் இன்றைக்கு எங்கள் தெருவில் இல்லை. தறியே குறைந்துவிட்டது. போன மாதம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரோடு அந்த நாடகத்தை மறுபடி படித்தோம். இந்த முறை மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் பார்ட்டை மாற்றி. கடைசி வரிக்கு மூன்று தடவையும் சிரித்தார்கள். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷமாகத்தான் இருந்தது. சிரிக்க முடிகிற இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

மூன்றாவது தடவை முடிந்ததும் ஒரு பெண் கேட்டாள்: “அண்ணா, அந்தக் கொழந்தைக்கு ஒரு டயலாக்கூட இல்லியே?”

குழந்தை எப்படிம்மா பேசும் என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே தறிச் சத்தம் நின்றது. அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“இருந்தா இன்னா பேசியிருக்கும்ப்பா?” என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

“இன்னா பேசும்? ‘நாடாவைத் தள்ளு’ன்னுவாரு. தள்ளுவேன். ‘தூங்கறியாடா’ன்னுவாரு. ‘இல்லண்ணா’ன்னுவேன். அவ்ளோதான் டயலாக்கு.”

மறுபடி தறி ஓட ஆரம்பித்தது. அந்தப் பெண் புத்தகத்தில் நாடகம் முடிகிற இடத்துக்குக் கீழே பென்சிலால் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏய், அதெல்லாம் எக்ஸாமுக்கு வராது” என்றான்.